வாடகை ஒருவருடைய நாணயத்துக்குச் சாட்சியாகுமா?

மாதம் பிறந்ததும் வீட்டு வாடகையைத் தவறாமல் செலுத்திவரும் ஒருவர், கடன் வாங்கினாலும் அதே ஒழுங்கோடு தவணை கட்டுவார் என்று நம்பலாமா என்பது பார்வைக்கு எளிய வினாவாகத் தோன்றினாலும், அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் பிரிட்டனிலும் நெடுங்காலமாக இதற்கு அளிக்கப்பட்டுவரும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவனவாக இல்லை. கடன் அட்டை, கார்க் கடன், வீட்டுக்கடன் ஆகியவை மட்டுமன்றி, சில வேளைகளில் குடியிருக்க வீடு கிடைப்பதும்கூட, அந்நாடுகளில் ஒருவருடைய கடன் அறிக்கையையும் அதிலிருந்து கணிக்கப்படும் மதிப்பெண்ணையும் பொறுத்தே அமைவதால், அந்த அறிக்கையில் எது இடம்பெறலாம், எது இடம்பெறலாகாது என்பது வெறும் கணக்கு விஷயமாக நின்றுவிடுவதில்லை. வீட்டுக்கடன் வாங்கியவர் கட்டும் ஒவ்வொரு தவணையும் அவர் பெயருக்கு நற்சான்றாகச் சேர்கிறது. அதே தெருவில் அதே தொகையை வாடகையாகக் கொடுப்பவரின் ஒழுங்கோ பெரும்பாலும் எங்கும் பதிவாவதில்லை. இவ்வேற்றுமை நியாயமானதா, அன்றெனில் அதை எவ்வாறு நீக்குவது என்பது குறித்து எழுந்துள்ள பிரதான அபிப்பிராயங்களையும், அவற்றின் தோற்றத்தையும், குறைபாடுகளையும் வரிசையாக ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

அந்தஸ்திலிருந்து நடத்தைக்கு

பிறருடைய நாணயத்தை விசாரித்துச் சொல்வதையே ஒரு தொழிலாக நடத்தலாம் என்று 1841-ஆம் ஆண்டு நியூயார்க்கில் லூயிஸ் டாப்பன் தமது வர்த்தகத் தகவல் நிலையத்தின் வாயிலாகக் காட்டியபோது, ஊர்தோறும் இருந்த நிருபர்கள் வியாபாரிகளின் ஆஸ்தியைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் எழுதியனுப்பிய குறிப்புகளே அதற்கு மூலதனமாக இருந்தன. 1899-இல் அட்லாண்டா நகரில் தோன்றி, பிற்காலத்தில் ஈக்விஃபாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட ரீடெயில் கிரெடிட் கம்பெனி முதலிய ஸ்தாபனங்கள் இவ்வழக்கத்தைச் சாதாரணக் குடும்பங்களுக்கும் விரித்தன. 1941-இல் டேவிட் டியூராண்ட் என்ற பொருளியலறிஞர் தவணைக் கடன்களைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியில், கடன் கேட்பவரின் உத்தியோகம், ஒரே வீட்டில் நிலைத்திருந்த காலம், அவருக்குள்ள அசையாச் சொத்து ஆகியவற்றுக்குப் புள்ளிகள் அளித்து அபாயத்தை அளக்கும் முறை ஒன்று வகுக்கப்பட்டது. வீடுடையவர் என்பது ஒரு சிறப்பாகக் கணக்கிடப்பட்ட இத்தகைய முறைகளில், வாடகைக்குக் குடியிருப்பது என்பதே ஒரு குறையாக நின்றது. வாடகையை அவர் எவ்வாறு செலுத்தினார் என்று கேட்பதற்கு அங்கு இடமில்லை.

1956-இல் பில் ஃபேர், ஏர்ல் ஐசக் என்ற இருவர் நிறுவிய கம்பெனியும், கடன் அறிக்கைகளை ஒழுங்குபடுத்த 1970-இல் இயற்றப்பட்ட சட்டமும், 1989-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அக்கம்பெனியின் ஃபைகோ மதிப்பெண்ணும் சேர்ந்து இந்நிலையைப் பெரிதும் மாற்றின. ஒருவருடைய அந்தஸ்தை விட்டு அவருடைய நடத்தையை நோக்குவதே புதிய முறையின் பெருமையாகப் பேசப்பட்டது. 300 முதல் 850 வரை விரியும் அம்மதிப்பெண்ணில் ஏறத்தாழ 35 சதவீதம் பழைய பாக்கிகளைச் செலுத்திய வரலாற்றைப் பொறுத்தது. ஆயினும் நடத்தை என்று எண்ணப்பட்டது கடன் வாங்கியவரின் நடத்தை மட்டுமே. ஆகவே, முன்பு அந்தஸ்தின் பேரில் சந்தேகிக்கப்பட்ட குடித்தனக்காரர், பின்பு நடத்தையின் பேரில் மதிக்கப்படும் வாய்ப்பையும் பெறவில்லை.

இதனால் விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்பதும் சர்ச்சைக்குரியதாகவே இருந்துவந்தது. அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அலுவலகம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை, கடன் கோப்பே இல்லாத வயதுவந்தோர் 2 கோடியே 60 லட்சம் என்றது. அத்தொகை மிகையானதென்று அவ்வலுவலகமே 2025-இல் திருத்தி, 2020-ஆம் ஆண்டில் அவர்கள் ஏறத்தாழ 70 லட்சம் என்று மதிப்பிட்டது. கோப்பு இருந்தும் மதிப்பெண் கணிக்கப் போதிய விவரம் இல்லாதவர்கள் இவர்களினும் அதிகம். வாடகைப் பதிவைப் பற்றிய விவாதத்தில் பெரிதும் கையாளப்பட்ட ஓர் ஆதாரமே இவ்வாறு சுருங்கியிருப்பதால், இத்துறையில் எடுத்தாளப்படும் மற்றக் கணக்குகளையும் நிதானத்தோடு நோக்குவது அவசியமாகிறது.

வாடகை கடன் ஆகாது என்ற கட்சி

முதற் கட்சியினர் கூறுவது எளிது. கடன் என்பது பொருளை முன்னே பெற்றுப் பணத்தைப் பின்னே கொடுப்பது. அமெரிக்க வழக்கப்படி வாடகையோ மாதத்தின் முதல் தேதியில், குடியிருக்கப்போகும் நாட்களுக்காக முன்கூட்டியே கொடுக்கப்படுவது. இதில் வீட்டுச் சொந்தக்காரர் யாருக்கும் எதையும் நம்பிக் கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு முன்பணமும் அவர் கையில் இருக்கிறது. மேலும், வாடகை தவறினால் வீடு போய்விடும் என்ற அச்சத்தினால் செலுத்தப்படும் பணம், அத்தகைய அச்சம் ஏதுமற்ற கடன் அட்டைப் பாக்கியை அவர் எவ்வாறு தீர்ப்பார் என்பதற்குச் சான்றாகாது என்பது இவர்களுடைய இரண்டாவது நியாயம்.

முதல் நியாயம் இலக்கணத்தில் சரியாயினும் அனுபவத்தில் முழுதும் சரியன்று. வாடகை பாக்கி நின்ற மறுகணமே அது கடனாகிவிடுகிறது; அப்பாக்கியை வசூல் கம்பெனிகளிடம் ஒப்படைப்பதும், அக்கம்பெனிகள் அதைக் கடன் அறிக்கையில் சேர்ப்பதும் வெகுகாலமாக நடந்துவருபவை. அதாவது, தவறிய வாடகையை ஏற்கும் அறிக்கை, தவறாத வாடகையை மட்டும் ஏற்க மறுத்தது. இரண்டாவது நியாயத்துக்கும் ஓரளவே வலிமை உண்டு. வீட்டுக்கடன் தவணையும் வீடு போய்விடும் என்ற அச்சத்தினாலேயே செலுத்தப்படுகிறது, அதன் பொருட்டு யாரும் அதைச் சாட்சியத்திலிருந்து விலக்கவில்லை. கணினி முறைகள் வருவதற்கு முன்பிருந்தே, கடன் கோப்பு இல்லாத ஒருவர் வீட்டுக்கடன் கேட்டால், அவர் பன்னிரண்டு மாதம் வாடகை கொடுத்ததற்கான காசோலைகளைக் கடன் அதிகாரிகள் வாங்கிப் பார்த்துவந்தார்கள் என்பதும் இங்கே கருதத்தக்கது.

நல்லதும் கெட்டதும் பதிவாகட்டும் என்ற கட்சி

வாடகையையும் மின்கட்டணம், தொலைபேசிக் கட்டணம் போன்றவற்றையும் கடன்களுக்குச் சமமாக முழுமையாகப் பதிய வேண்டும் என்ற கட்சி இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வலுப்பெற்றது. மைக்கேல் டர்னரும் அவருடைய சகாக்களும் 2006-இல் புரூக்கிங்ஸ் ஸ்தாபனத்தின் வாயிலாக வெளியிட்ட ஆராய்ச்சி, மின்கட்டண, தொலைபேசிக் கட்டண விவரங்களை எடுத்துக்கொண்டு இதற்கு வழிகாட்டியது. 2010-இல் எக்ஸ்பீரியன் என்ற கடன் அறிக்கை நிறுவனம் ரெண்ட்பீரோ என்ற வாடகைத் தகவல் நிலையத்தை விலைக்கு வாங்கி, 2011 முதல் ஒழுங்காகச் செலுத்தப்பட்ட வாடகையைத் தன் அறிக்கைகளில் சேர்க்கத் தொடங்கியது. ஃபைகோவின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பும், வான்டேஜ்ஸ்கோர் என்ற போட்டி மதிப்பெண்ணின் அண்மைப் பதிப்புகளும் அறிக்கையில் உள்ள வாடகை விவரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

நன்மை தீமை இரண்டும் பதிவானால்தான் அறிக்கைக்கு மதிப்பு என்பது இவர்களுடைய மூலக் கொள்கை. தவறியவர்களை மறைத்துவிட்டுத் தவறாதவர்களை மட்டும் காட்டினால், கடன் கொடுப்பவர் நாளடைவில் அக்காட்சியையே நம்பாமல் விட்டுவிடுவார் என்கிறார்கள். இது தர்க்கத்தில் வலிய வாதம். எனினும், பதிவு செய்யும் முறையை அருகிருந்து பார்த்தால் இதன் சிக்கல் புலப்படும். முதல் தேதியில் செலுத்த வேண்டிய வாடகைக்கு ஐந்தாம் தேதி வரை சலுகை உண்டு என்றும், அதற்குப்பின் அபராதம் உண்டு என்றும் ஒப்பந்தம் இருப்பதாகக் கொள்வோம். சம்பளம் தாமதித்ததால் எட்டாம் தேதி பணம் கட்டியவர், வீட்டுச் சொந்தக்காரரின் பேரேட்டில் தவணை தவறியவர். முப்பது நாள் கடந்த பாக்கியையே தவறாகக் கொள்ளும் கடன் அறிக்கையின் பொது வழக்கத்திலோ அவர் ஒழுங்கானவர். வங்கிகளைப் போல ஒரே விதமான கணக்குப் பயிற்சி இல்லாத லட்சக்கணக்கான வீட்டுச் சொந்தக்காரர்களிடமிருந்து விவரம் வரும்போது, இவ்விரு அளவுகோல்களும் எங்கெங்கே கலந்துவிடும் என்று முன்கூட்டிச் சொல்வது எளிதன்று. தவறான குறிப்பை மறுத்து முறையிடச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் கெட்ட குறிப்பு நிலைத்தால் அது பொதுவாக ஏழாண்டுகள் அறிக்கையில் இருக்கலாம்.

நல்லது மட்டும் பதிவாகட்டும் என்ற கட்சி

மேற்கண்ட அபாயத்துக்குப் பரிகாரமாக எழுந்தது மூன்றாவது கட்சி. வாடகைதாரர் விரும்பினால் மட்டும், ஒழுங்காகக் கட்டிய மாதங்களை மட்டும் பதிவதே தகும் என்பது இதன் நிலை. மானிய உதவி பெறும் பெருங்குடியிருப்புகளின் சொந்தக்காரர்கள் வாடகைப் பதிவு வசதியைக் குடித்தனக்காரர்களுக்கு அளித்தே ஆக வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 2020-இல் சட்டமியற்றி, 2021 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. 2024-இல் இயற்றிய மற்றொரு சட்டத்தினால், 2025 ஏப்ரல் முதல் அக்கடமையை, ஒழுங்காகக் கட்டிய வாடகையின் அளவில் மட்டும், 15 குடியிருப்புகளுக்கு மேற்பட்ட தனியார் கட்டடங்களுக்கும் விரித்தது. இதற்காக வசூலிக்கும் கட்டணம் உண்மைச் செலவையோ, மாதம் 10 டாலரையோ, எது குறைவோ அதை மீறலாகாது. குடித்தனக்காரர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். ஃப்ரெடி மாக், ஃபானி மே என்ற இரு பெரும் வீட்டுக்கடன் ஸ்தாபனங்களும் முறையே 2021-இலும் 2022-இலும், அடுக்குமாடி வீடுகளின் சொந்தக்காரர்கள் ஒழுங்கான வாடகையைப் பதிவு செய்ய ஊக்கமளிக்கும் திட்டங்களைத் தொடங்கின.

இக்கட்சியின் பலவீனம் மௌனத்தின் பொருளில் அடங்கியிருக்கிறது. பதினெட்டு மாதம் தொடர்ந்து வந்த நற்குறிப்பு பத்தொன்பதாம் மாதம் சட்டென்று நின்றுவிட்டால், அவர் வீடு மாறினாரா, கட்டணம் வீண் என்று விலகினாரா, அல்லது வாடகை கட்ட முடியாமற்போனாரா என்பதைப் பார்ப்பவர் தம் ஊகத்தினாலேயே நிரப்பிக்கொள்வார். எல்லோருடைய வாடகைக் குறிப்பும் மாசற்றதாகவே இருக்குமானால், அது ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய உதவாது என்ற ஆட்சேபமும் முற்றிலும் ஒதுக்கத்தக்கதன்று.

வங்கிக் கணக்கே சாட்சி என்ற கட்சி

நான்காவது வழி, வீட்டுச் சொந்தக்காரரையே இடையிலிருந்து விலக்கிவிடுவது. 2021 செப்டம்பரில் ஃபானி மே தன் கணினி முறையில் செய்த மாற்றத்தின்படி, விண்ணப்பதாரர் அனுமதித்தால் அவருடைய வங்கிக் கணக்கில் பன்னிரண்டு மாதமாகத் தொடர்ந்து செல்லும் வாடகையைக் கணினி இனங்கண்டு அவருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும். இடையில் விடுபட்ட மாதங்கள் அவருக்குப் பாதகமாகக் கொள்ளப்படமாட்டா. மூன்றாண்டுகளாக வீடு வைத்திராமல் விண்ணப்பித்துச் சாதகமான பதிலைப் பெறாதவர்களில் 17 சதவீதத்தினர், வாடகை கணக்கிடப்பட்டிருந்தால் தேறியிருப்பார்கள் என்று ஒரு மாதிரித் தொகுதியைக் கொண்டு அந்த ஸ்தாபனம் கூறியது. மறுஆண்டில் மத்திய வீட்டு வசதி நிர்வாகமும் முதன்முறை வீடு வாங்குவோருக்கு இதையொத்த ஏற்பாட்டைச் செய்தது.

இம்முறையில் பதிவு வாடகைதாரரின் கையை விட்டு நிரந்தரமாகப் போய்விடுவதில்லை. கடன் கேட்கும் வேளையில் மட்டும் காட்டப்படுகிறது. ஆனால் இது வங்கியின் மூலம், தம் பெயரில், முழு வாடகையையும் கட்டுபவருக்கே இசைந்தது. மூவர் சேர்ந்து ஒரு வீட்டில் குடியிருந்து, ஒருவர் மட்டும் முழுத்தொகையையும் காசோலையாகக் கொடுத்து, மற்ற இருவரும் தத்தம் பங்கை அவருக்குக் கைப்பேசியில் அனுப்பிவிடும் சாதாரண ஏற்பாட்டில், முதல்வரின் கணக்கு மும்மடங்கு வாடகையைக் காட்டும். மற்ற இருவரின் கணக்கு வாடகை என்று எதையுமே காட்டாது. வங்கிக் கணக்கே இல்லாமல் ரொக்கமாகவோ மணியார்டராகவோ கொடுப்பவர்கள், அதாவது கடன் கோப்பு இல்லாதவர்களாக இருப்பதற்கு அதிக சாத்தியமுள்ளவர்கள், இவ்வழியிலும் வெளியிலேயே நிற்கிறார்கள்.

பிரிட்டனின் அனுபவம்

பிரிட்டனில் இப்பிரச்சினை மக்கள் இயக்கமாகவும் பாராளுமன்ற விவகாரமாகவும் வளர்ந்தது. தி பிக் இஷ்யூ பத்திரிகையின் சமூக முதலீட்டுப் பிரிவும் எக்ஸ்பீரியன் நிறுவனமும் சேர்ந்து, சமூக வீட்டுவசதிச் சங்கங்களில் குடியிருப்போரின் வாடகையைப் பதிவு செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கின. வாடகை கட்டிய வரலாற்றையே வீட்டுக்கடனுக்குப் போதிய சான்றாகக் கொள்ள வேண்டும் என்ற ஒரு பொது மனு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைப் பெற்று 2017 அக்டோபரில் விவாதிக்கப்பட்டது. அப்பத்திரிகையின் ஸ்தாபகர் ஜான் பேர்ட், கடன் கொடுப்போர் வாடகையையும் உள்ளூர் வரியையும் கவனிக்கக் கடமைப்படுத்தும் மசோதாவைப் பிரபுக்கள் சபையில் கொண்டுவந்தார். அச்சபையில் அது நிறைவேறியும் சட்டமாகவில்லை. நிதியமைச்சு 20 லட்சம் பவுன் ஒதுக்கி, வாடகையைப் பதிவு செய்யும் செயலிகளை உருவாக்குவோருக்கிடையே போட்டி ஒன்றை நடத்தியது.

மனு கேட்டதற்கு மிக அருகில் வந்தது, 2023-இல் ஸ்கிப்டன் வீட்டுக்கடன் சங்கம் தொடங்கிய திட்டம். பன்னிரண்டு மாதம் ஒழுங்காக வாடகை கட்டியவருக்கு, கையிலிருந்து முன்தொகை ஏதுமின்றி வீட்டின் முழு விலைக்கும் கடன் அளிக்க முன்வந்த அச்சங்கம், மாதத் தவணை அவர் கடைசி ஆறு மாதம் கட்டிய வாடகையின் சராசரியை மீறலாகாது என்று எல்லை வகுத்தது. இந்நிபந்தனை நேர்மையானது, ஆனால் வீட்டு விலையும் வட்டியும் உயர்ந்துள்ள நகரங்களில், வாடகைக்குச் சமமான தவணையில் வாங்கத்தக்க வீடு கிடைப்பது அரிது. வீடுடையவர் சுமக்கும் பழுதுபார்ப்புச் செலவு முதலியவற்றை வாடகை வரலாறு காட்டாது என்று வங்கிகள் கூறிவந்த மறுப்பும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

பிரிட்டிஷ் அனுபவம் வெளிப்படுத்திய மற்றோர் உண்மை விசேஷமானது. பல உதவித்தொகைகளை ஒன்றாக்கிய புதிய திட்டத்தில் விண்ணப்பித்தவருக்கு முதற் பணம் கிடைக்க ஆறு வாரமும், 2018 முதல் ஐந்து வாரமும் ஆயின. அந்த இடைவெளியில் பலருக்கு வாடகை பாக்கி ஏற்பட்டது. அரசாங்கத்தின் கால அட்டவணையினால் விளைந்த தாமதம், பதிவேட்டில் குடித்தனக்காரரின் தாமதமாகவே தோன்றும்.

மறுப்பாளரின் வாதம்

இத்தகைய உதாரணங்களிலிருந்தே நுகர்வோர் சட்ட நிபுணர்களின் ஆட்சேபம் பிறக்கிறது. 1970-இல் வாஷிங்டன் அப்பீல் நீதிமன்றம் ஜேவின்ஸ் வழக்கில் அளித்த பிரசித்தமான தீர்ப்பு, வீட்டை வசிக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை என்றும், வாடகை கொடுக்கும் கடமை அதைச் சார்ந்ததே என்றும் வகுத்தது. அவ்வழக்குக்குக் காரணமான குடியிருப்பில் ஏறத்தாழ 1,500 விதிமீறல்கள் இருப்பதாகக் குடித்தனக்காரர்கள் முறையிட்டு வாடகையை நிறுத்திவைத்திருந்தனர். நியாயத்தின் பொருட்டு நிறுத்தப்பட்ட வாடகையும், இயலாமையினால் நின்ற வாடகையும் கடன் அறிக்கையின் ஒரு கட்டத்தில் ஒரே குறியாகப் பதியப்படுமானால், சட்டம் கொடுத்த உரிமையை மதிப்பெண் பறித்துவிடும் என்று இவர்கள் அஞ்சுகிறார்கள். 2022-இல் அமெரிக்க வாடகைக் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதி தங்கள் வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்கே செலவிட்டன என்ற ஹார்வர்ட் ஆய்வு மையத்தின் கணக்கைச் சுட்டி, குறை வாடகையின் அளவில் இருக்க, பரிகாரத்தைப் பதிவேட்டில் தேடுவது பொருந்தாது என்றும் கூறுகிறார்கள்.

ஆயினும் இம்மறுப்பு நடப்பு நிலை நடுநிலையானது என்ற எண்ணத்துக்கு இடங்கொடுத்துவிடக் கூடாது. வெளியேற்ற வழக்குகளும் வசூல் பாக்கிகளும் ஏற்கெனவே குடித்தனக்காரரைத் தொடர்ந்துவரும் நிலையில், நற்பதிவையும் தடுத்தால் பழி மட்டுமே எஞ்சும்.

அத்தாட்சிகளின் வலிமை

வாடகைப் பதிவு மதிப்பெண்ணை உயர்த்துமா என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் ஆதாரம், கிரெடிட் பில்டர்ஸ் அலையன்ஸ் என்ற ஸ்தாபனம் மானிய வீடுகளில் 1,255 பேரிடையே நடத்தி வெளியிட்ட பரிசோதனை. பங்கேற்றவர்களில் ஏறத்தாழ 79 சதவீதத்தினருக்கு மதிப்பெண் உயர்ந்தது. சராசரி உயர்வு 23 புள்ளி. மதிப்பெண்ணே இல்லாதிருந்தவர்கள் புதிதாக ஒன்றைப் பெற்றனர். இம்முடிவுகள் ஊக்கமளிப்பவையே. ஆனால் பெரும்பாலும் வருமானத்தைப் பொறுத்து வாடகை நிர்ணயிக்கப்படும் மானிய வீட்டில் குடியிருப்பவரின் அனுபவத்தைச் சந்தை வாடகை கொடுப்பவருக்கு அப்படியே பொருத்துவது கடினம். தாமாக முன்வந்து பதிவு செய்துகொள்பவர்கள் இயல்பிலேயே ஒழுங்கானவர்களாக இருக்கலாம் என்பதும், உயர்ந்த மதிப்பெண் பின்னர் குறைந்த வட்டிக் கடனாக உண்மையில் மாறியதா என்பதும் தனியே ஆராய வேண்டியவை.

இதனினும் விசித்திரமான ஒரு தடை உண்டு. அமெரிக்க வீட்டுக்கடன்களில் நெடுங்காலம் வழங்கிவந்த ஃபைகோவின் பழைய பதிப்புகள் வாடகைப் பதிவைக் கருதுவதேயில்லை. வாடகை கட்டி வீட்டுக்கடனுக்கு யோக்கியதை பெறலாம் என்ற நம்பிக்கையோடு மாதக் கட்டணம் கொடுத்துப் பதிவு செய்துகொண்டவர், எந்தக் கடனை உத்தேசித்தாரோ அதில் மட்டும் அதன் பலனைக் காணாமற் போகலாம். வாடகையைக் கருதும் புதிய மதிப்பெண்களுக்கு 2022-இல் வீட்டுக்கடன் ஸ்தாபனங்களின் ஒழுங்குமுறை ஆணையம் அங்கீகாரம் அளித்து, அவற்றில் ஒன்றைக் கடன் கொடுப்போர் விரும்பினால் பயன்படுத்தலாம் என்று 2025-இல் அறிவித்திருப்பதால் இத்தடை தளர்ந்துவருகிறது. முற்றிலும் நீங்கிவிட்டதாகக் கூறுவதற்கில்லை.

மதிப்பீடு

இதுகாறும் கண்டவற்றிலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியோடு கூறலாம். வாடகை கடன் ஆகாது என்ற காரணத்தைக் கொண்டு அதைச் சாட்சியத்திலிருந்து அறவே விலக்குவது இனி நிலைக்கத்தக்க வாதமன்று. கோப்பே இல்லாதவருக்கு அது உதவும் அளவுக்கு, ஏற்கெனவே நீண்ட கோப்பு உடையவருக்கு உதவுவதில்லை என்பதும் ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது. ஆனால் கடன் தவணை தவறினால் அது பெரும்பாலும் வாங்கியவரின் நிலையை மட்டும் உணர்த்துவதைப்போல, வாடகை தவறியதும் குடித்தனக்காரரின் நிலையை மட்டும் உணர்த்துகிறது என்று கொள்வதற்கில்லை. வீட்டைப் பேணாத சொந்தக்காரரின் குற்றமும், உதவித்தொகையைத் தாமதித்த அலுவலகத்தின் குற்றமும் அதில் கலந்திருக்கக்கூடும். இருவர் மூவருடைய செய்கைகளால் உருவாகும் ஒரு பதிவை ஒருவருடைய நாணயத்தின் அளவாக மட்டும் படிப்பதனால் நேரும் பிழை, விவரத்தை மேலும் மேலும் சேகரிப்பதனால் நீங்கிவிடாது.

இக்காரணத்தால், முழுப் பதிவைக் காட்டிலும், குடித்தனக்காரர் இசைந்தபோது அவருக்குச் சாதகமாக மட்டும் எடுத்துக்கொள்ளப்படும் பதிவே, கணிதத்தில் சற்றுக் குறைவுடையதாயினும், இப்போதைக்கு நியாயத்துக்கு நெருங்கியது என்று கருத இடமிருக்கிறது. அது நீடித்து நிற்குமா என்பது இன்னும் தீராத மூன்று வினாக்களைப் பொறுத்தது: எல்லோரும் நற்பதிவு பெற்ற பிறகும் கடன் கொடுப்பவர் அதை மதிப்பாரா, இசைவு என்பது பெயரளவில் இருந்துகொண்டு, பதிவு காட்டாதவருக்கு வீடு கிடைக்காத நிலை உருவாகுமா, புதிதாகக் கிடைக்கும் கடன் அக்குடும்பங்களை உயர்த்துமா, அல்லது வாடகைச் சுமையின்மேல் வட்டிச் சுமையையும் ஏற்றுமா. முதல் வினாவுக்குக் காலமும், இரண்டாவதற்குச் சட்டமும் விடை கூறலாம். மூன்றாவதற்குரிய விடையை மதிப்பெண்ணின் உயர்வை அளப்பதனால் பெற முடியாது. பதிவு பெற்ற குடும்பங்களின் கடன் நிலையைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆராய்ச்சிகளே அதற்கு வேண்டும்.